கனவு சாட்சியாகாது



கண்ட கனவைக் காலையில் சொல்லுவதும், கேட்ட வீட்டார் ஆளுக்கொரு பொருள் கூறுவதும் நம் இல்லங்களில் நெடுங்கால வழக்கம். பல் விழக் கண்டால் வீட்டில் மவுத்து. பாம்பைக் கண்டால் பகை. பகல் கனவு பலிக்காது, விடியற்காலைக் கனவு பலித்தே தீரும். இப்படிச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம்.

இதில் என்ன கேடு என்று கேட்கலாம். பேச்சு அடுப்பங்கரையோடு நின்றுவிட்டால் கேடில்லை. ஆனால் அது நிற்பதில்லையே! பாம்பைக் கனவில் கண்ட மாமியார், அந்தப் பகை எது என்று தேடத் தொடங்குகிறார். தேட்டம் பெரும்பாலும் மருமகளிடத்தில் போய் முடிகிறது. "எனக்குக் காட்டப்பட்டுவிட்டது" என்ற ஒரு சொல் போதும். ஓதிப் பார்க்க ஆள் வருகிறது. பால் கிதாபு விரிகிறது. செய்வினை என்ற பேச்சு எழுகிறது. வெளிநாட்டில் உழைக்கும் மகன் ஊர் வந்து சேருமுன்னரே வீட்டுக்குள் வழக்கு நடந்து, தீர்ப்பும் எழுதப்பட்டு விடுகிறது. நிச்சயித்த திருமணம் ஒரு கனவால் முறிகிறது. ஒரு தாய் மக்களுக்கு ஒருவரையொருவர் பேச்சில்லாமல் போகிறது.

ஆகவே கனவுக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் இடம் எது, கொடுக்காத இடம் எது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். இது ஒரு முஃமினின் மானம் சம்பந்தப்பட்ட விஷயம்.

கனவை மார்க்கம் இகழவில்லை

கனவெல்லாம் வெறும் மாயை என்று இஸ்லாம் ஒதுக்கித் தள்ளவில்லை. திருமறையின் 12ஆம் அத்தியாயமான சூரத்து யூசுப் ஒரு கனவில் தொடங்கி அந்தக் கனவு நனவாவதில் நிறைவு பெறுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு வஹீ வரத் தொடங்கியதே நற்கனவுகளின் வாயிலாகத்தான் என்றும், அவர்கள் கண்ட கனவுகள் விடியலின் வெளிச்சம்போல் தெளிவாகப் பலித்தன என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். சுப்ஹு தொழுகை முடிந்ததும் அண்ணலார் தம் தோழர்கள் பக்கம் திரும்பி, இரவில் கனவு கண்டவர் யாரேனும் உண்டா என்று விசாரிப்பதும் வழக்கமாயிருந்தது. முஃமினின் நற்கனவு நுபுவ்வத்தின் 46 பங்குகளில் ஒரு பங்கு என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

ஆனால் எல்லாக் கனவும் ஒன்றல்ல. கனவுகள் மூன்று வகை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அல்லாஹ்விடமிருந்து நற்செய்தியாக வருவது ஒன்று. மனிதனைத் துயரத்தில் ஆழ்த்துவதற்காக ஷைத்தான் காட்டுவது இரண்டாவது. மனிதன் தன் உள்ளத்தோடு தானே பேசிக்கொள்வது மூன்றாவது.

இந்த மூன்றாவது வகையை நாம் மறந்தே போகிறோம். பகலில் மனத்தில் கிடந்தது இரவில் உருவம் எடுக்கிறது. கடன்காரன் வாசலில் நிற்பதாகக் காண்பவன் கடன்பட்டவனே. தேர்வு அறையில் எழுதுகோல் ஓடாமல் தவிப்பவன் மாணவன். காய்ச்சலும், அளவு மீறிய இரவுச் சாப்பாடும், சில மருந்துகளும்கூடக் கனவைக் கலக்கிவிடும்.

அறிவியல் அறிஞர்களும் உறக்கத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். 1953இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், உறங்குபவரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் நேரங்கள் உண்டு என்று கண்டு வெளியிட்டார்கள். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை இந்த நிலை வந்து போகிறது. விடிய விடிய அதன் நீளம் கூடுகிறது. விடியற்காலைக் கனவு நெஞ்சில் நிற்பதற்கு ஒரு காரணம் இதுதான். நினைவில் நிற்பதெல்லாம் பலிக்கும் என்று இதற்குப் பொருளாகாது.

அந்த வேளையில் உடலின் தசைகள் தளர்ந்து கிடக்கும். அத்தளர்ச்சி நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால் கை கால் அசையாது, வாய் திறக்காது, நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமுக்குவதுபோலிருக்கும். அமுக்குவான் பேய் என்று ஊரில் அஞ்சுவது பெரும்பாலும் இதுதான். சில நொடிகளிலோ நிமிடங்களிலோ தானே விலகிவிடும். இதற்காக எந்தக் குமரையும் பேய் பிடித்தவள் என்று கட்டிப்போடத் தேவையில்லை.

கெட்ட கனவு கண்டால்

நற்கனவு கண்டால் அல்லாஹ்வைப் புகழ வேண்டும். நம்மீது அன்புள்ளவரிடம் மட்டும் அதைச் சொல்லலாம். தம் அருமை மகன் கண்ட கனவைக் கேட்ட யஃகூப் (அலை) அவர்கள், அதைச் சகோதரர்களிடம் சொல்ல வேண்டாம் என்றுதானே முதலில் எச்சரித்தார்கள்! நல்ல கனவுக்கே இந்தக் கட்டுப்பாடு.

கெட்ட கனவு கண்டால் செய்ய வேண்டியதையும் அண்ணலார் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஷைத்தானின் தீங்கை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேட வேண்டும். இடப்பக்கமாக மூன்று முறை இலேசாகத் துப்ப வேண்டும். படுத்திருந்த பக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். எழுந்து தொழவும் செய்யலாம். அதை எவரிடமும் சொல்லக் கூடாது. இவ்வாறு செய்தால் அந்தக் கனவு ஒரு தீங்கும் செய்யாது என்பது நபிமொழியின் கருத்து.

அபூ ஸலமா (ரஹ்) என்ற தாபியீ, மலையைவிடக் கனமாகத் தம்மை அழுத்திய கனவுகளைக் கண்டு வந்தாராம். அபூ கதாதா (ரலி) அவர்கள் வாயிலாக இந்த ஹதீஸைக் கேட்ட பிறகு அவற்றைப் பொருட்படுத்துவதையே விட்டுவிட்டார். மருந்து அவ்வளவு எளிது. பணம் இல்லை, தாயத்து இல்லை, ஆள் வைத்து ஓதுவது இல்லை.

கிராமத்து அரபி ஒருவர் அண்ணலாரின் சபைக்கு வந்து, தம் தலை வெட்டுண்டு உருண்டு ஓடுவதாகவும், தாம் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவதாகவும் கனவு கண்டதைச் சொன்னார். நம்மிடத்தில் அப்படி ஒருவர் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம்? ஆட்டுக் கிடாய்க்கு விலை பேசியிருப்போம். பெருமானாரோ, உறக்கத்தில் ஷைத்தான் உன்னோடு விளையாடியதை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியாதே என்ற கருத்தில் அறிவுரை கூறி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது நம் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். சொல்லாதே என்று தடுக்கப்பட்ட கனவை நாம் தெரு முழுக்கச் சொல்லுகிறோம். எழுந்து தொழு என்று சொல்லப்பட்ட நேரத்தில் யார் மீது பழி போடலாம் என்று யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறோம்.

யூசுப் நபியின் சட்டை

கனவுக்குப் பொருள் கூறும் ஞானம் அல்லாஹ்வால் அருளப்பட்டவர் என்று திருமறையே சான்று பகர்வது யூசுப் (அலை) அவர்களுக்கு. அவர்களுடைய வரலாற்றைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும்.

பதினொரு விண்மீன்களும் சூரியனும் சந்திரனும் தமக்குச் சுஜூது செய்யக் கண்டவர்கள் அவர்கள். சிறையில் இருவர் கண்ட கனவுகளுக்குப் பொருள் சொன்னார்கள், சொன்னபடியே நடந்தது. மன்னனின் கனவில் கொழுத்த ஏழு பசுக்களை மெலிந்த ஏழு பசுக்கள் தின்றன. பச்சைக் கதிர்கள் ஏழும் காய்ந்த கதிர்களும் தோன்றின. அரசவையோர் அதைக் குழம்பிய கனவு என்று ஒதுக்கிய நேரத்தில் யூசுப் நபிதான் அதன் பொருளை விளக்கினார்கள். விளக்கியதோடு நிற்கவில்லை. ஏழாண்டு விடாமல் பயிரிடுங்கள், உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக மற்றதைக் கதிரோடு சேமித்து வையுங்கள், அடுத்து வரும் ஏழு பஞ்ச ஆண்டுகளுக்கு அது உதவும் என்று வேலைத் திட்டமும் வகுத்துத் தந்தார்கள். பின்னர் களஞ்சியப் பொறுப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கனவு அவர்களிடத்தில் உழவாகவும் சேமிப்பாகவும் மாறி, பசித்த வயிறுகளுக்குச் சோறு போட்டது.

இனி, நம் தலைப்புக்குரிய இடத்துக்கு வருவோம். அந்த யூசுப் நபியின் மானத்தின்மீதே ஒருநாள் பழி விழுந்தது. அஜீஸின் மனைவி அபாண்டம் சுமத்தினாள். கனவுக் கலையில் தேர்ந்த அந்த நபி, தம்மைக் காத்துக்கொள்ள ஏதேனும் கனவை எடுத்துக் காட்டினார்களா? இல்லை. சட்டை பார்க்கப்பட்டது. முன்புறம் கிழிந்திருந்தால் குற்றம் அவருடையது, பின்புறம் கிழிந்திருந்தால் குற்றம் அவளுடையது என்று அவளுடைய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே சொன்னார். சட்டை பின்புறம் கிழிந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்த தடயம் பேசியது.

பல ஆண்டுகள் சிறையில் கழிந்தன. மன்னன் அழைத்தபோதும் அவர்கள் உடனே வெளியே வந்துவிடவில்லை. தங்கள் கைகளை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் செய்தி என்ன என்று முதலில் விசாரியுங்கள் எனச் சொல்லியனுப்பினார்கள். மன்னன் விசாரித்தான். அப்பெண்கள் அவர்மீது ஒரு குற்றமும் அறியோம் என்று சாட்சியம் சொன்னார்கள். அஜீஸின் மனைவியே உண்மையை ஒப்புக்கொண்டாள். அதன் பிறகே யூசுப் நபி மன்னனின் அவைக்குச் சென்றார்கள்.

பஞ்சத்துக்கு வழி சொல்ல ஒரு கனவு பயன்பட்டது. ஒரு மனிதரின் மானத்தைத் தீர்மானிக்கத் தடயமும் விசாரணையும் சாட்சியும்தான் பயன்பட்டன. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு வீட்டுத் தலைவரும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அன்னை ஆயிஷா நாயகி எதிர்பார்த்த கனவு

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது முனாபிக்குகள் அவதூறு கிளப்பிய வரலாற்றை நாம் அறிவோம். ஏறத்தாழ ஒரு மாத காலம் மதீனா அந்தப் பேச்சில் வெந்தது. அந்நாட்களில் வஹீயும் வரவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டாரை அறிந்தவர்களை அழைத்து விசாரித்தார்கள். உஸாமா (ரலி) அவர்கள் நல்லதே சொன்னார்கள். பணிப்பெண் பரீரா (ரலி) அவர்களிடமும் கேட்கப்பட்டது. அப்பெண்மணி சொன்ன குறை ஒன்றே ஒன்று: வயது சிறிய பெண், பிசைந்த மாவை வைத்துவிட்டு உறங்கிப் போவார், வீட்டு ஆடு வந்து அதைத் தின்றுவிடும்! வீட்டோடு இருந்து நாள்தோறும் பார்த்தவரின் சாட்சியம் அது. எவ்வளவு பாரமுள்ள சாட்சியம்!

அன்னையவர்கள் அந்த நாட்களைப் பற்றிப் பின்னர் அறிவித்த செய்தி புகாரியில் இருக்கிறது. தம்மைப் பற்றி ஓதப்படும் வஹீயே இறங்கும் அளவுக்குத் தம்மைப் பெரிதாக அவர்கள் நினைக்கவில்லையாம். தாம் நிரபராதி என்பதை அல்லாஹ் தன் தூதருக்கு ஒரு கனவிலாவது காட்டித் தருவான் என்றே எதிர்பார்த்திருந்தார்களாம். நபியின் கனவு வஹீயைச் சேர்ந்தது; அந்த எதிர்பார்ப்பில் பிழையேதும் இல்லை. இருந்தும் அல்லாஹ் கனவோடு விடவில்லை. கியாமத்து நாள் வரை ஓதப்படும் வசனங்களை சூரத்துந் நூரில் இறக்கி அருளினான். அதே அத்தியாயத்தில் ஒரு சட்டத்தையும் வைத்தான். பத்தினிப் பெண்கள்மீது பழி சொல்வோர் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் 80 கசையடி. அதற்குப் பின் அவர்கள் சாட்சியம் என்றென்றும் செல்லாது.

நான்கு சாட்சிகளில் ஒன்றாகக் கனவு இடம்பெறவில்லை. விழித்திருக்கும் மூவர் கண்ணால் கண்டதாகச் சொன்னாலும் ஏற்காத மார்க்கம், உறங்கிக் கிடந்த ஒருவர் கண்டதை வைத்து ஒரு பெண்ணைத் தலைகுனிய வைக்க விடுமா? அந்தத் துயர நாளில் யூசுபுடைய தந்தையின் அழகிய பொறுமையைத்தான் தாம் கைக்கொள்வதாக அன்னையவர்கள் சொன்னார்கள். துக்கத்தில் யஃகூப் என்ற பெயர்கூட நினைவுக்கு வரவில்லையாம். பழி சுமந்து மூலையில் அழும் மருமக்களுக்கும் பெண்மக்களுக்கும் அந்த அன்னையின் கண்ணீர் ஆறுதல். பழி சுமத்துவோருக்கு அது எச்சரிக்கை.

கனவு எங்கே சட்டமாயிற்று?

இப்ராஹீம் (அலை) அவர்கள் கனவில் கண்டதை நிறைவேற்ற முனைந்தார்களே என்று கேட்கலாம். நபிமார்களின் கனவு வஹீ. நம் கனவு வஹீ அன்று. அவர்கள்கூட மகனிடம் சொல்லி, அவருடைய கருத்தைக் கேட்டு, அவர் மனமுவந்து இசைந்த பிறகே முன்னேறினார்கள் என்பதைத் திருமறை காட்டுகிறது.

பாங்கு சொல்லும் முறை ஒரு ஸஹாபியின் கனவால் வந்ததுதானே என்றும் கேட்கலாம். அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் பாங்கின் சொற்களைக் கனவில் கேட்டார்கள். உமர் (ரலி) அவர்களும் அவ்வாறே கண்டதாகச் சொன்னார்கள். ஆயினும் அது சட்டமானது அவர்கள் கண்டதால் அன்று. பெருமானார் அதை உண்மைக் கனவு என்று உறுதி செய்து, இனிய குரலுடைய பிலால் (ரலி) அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி பணித்ததால்தான். இன்று நம் கனவுக்கு அந்த உறுதியைத் தர யார் இருக்கிறார்கள்?

யமாமா போரில் ஷஹீதான தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்கள், ஒருவருடைய கனவில் தோன்றித் தம் கவசம் களவு போன இடத்தைச் சொன்னதாக ஓர் அறிவிப்பு உண்டு. அங்கேயும் ஆள் அனுப்பித் தேடினார்கள். கவசம் சொன்ன இடத்திலேயே கிடைத்தது. விழித்த கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் எவர்மீதும் கை வைக்கப்படவில்லை.

பெருமானாரைக் கனவில் காண்பது பெரும் பாக்கியம். ஷைத்தானால் அவர்களுடைய உருவத்தை எடுக்க முடியாது என்பதும் ஸஹீஹான ஹதீஸ். ஆனால் அதை வைத்தும் புதிய சட்டம் செய்ய முடியாது. ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 676) ஓர் உதாரணம் காட்டுகிறார்கள். ஷஃபான் முப்பதாம் இரவு, பிறை தென்படவில்லை. ஒருவர் கனவில் நபியவர்களைக் காண்கிறார். இன்றிரவு ரமலான் என்று சொல்லக் கேட்கிறார். அந்தக் கனவைக் கொண்டு நோன்பு பிடிக்கக் கூடாது என்கிறார்கள் இமாமவர்கள். காரணம், சாட்சி சொல்பவர் விழிப்போடும் கவனத்தோடும் இருந்து கேட்டிருக்க வேண்டும். உறங்குபவரிடத்தில் அது இல்லை. கனவு பொய் என்று இதற்குப் பொருளில்லை. கேட்ட காதின்மீது நம்பிக்கை வைக்க முடியாது என்பதே பொருள். ஒரு நோன்பையே நிலைநாட்டாத கனவு ஒரு தலாக்கை நிலைநாட்டுமா?

இந்த எல்லையை மீறினால் என்ன நேரும் என்பதை நம் காலத்திலேயே உலகம் பார்த்தது. ஹிஜ்ரி 1400 முஹர்ரம் முதல் நாள், 1979 நவம்பர் 20 அன்று, புனித மக்காவின் ஹரம் ஷரீபில் சுப்ஹு தொழுகை முடிந்ததும் ஜுஹைமான் அல் உதைபி என்பவனும் அவனுடைய கூட்டத்தாரும் ஆயுதங்களோடு பள்ளியைக் கைப்பற்றினார்கள். தன் மைத்துனன் முஹம்மது அல் கஹ்தானிதான் மஹ்தி என்று அறிவித்தான். அதற்கு அவர்கள் காட்டிய முக்கிய ஆதாரங்களுள் ஒன்று, தம் கூட்டத்தார் பலரும் அப்படிக் கனவு கண்டார்கள் என்பது! ஒரு சிற்றுயிரைக்கூட வேட்டையாடக் கூடாத அந்தப் புனித எல்லைக்குள் இரண்டு வாரம் துப்பாக்கிச் சண்டை நடந்தது. ஹாஜிகளும் காவல் படையினரும் கூட்டத்தாருமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மஹ்தி என்று கொண்டாடப்பட்டவனும் அதில் செத்தான். பலர் சேர்ந்து கண்டாலும் கனவு கனவுதான்.

மதீனாவின் ஷெய்கு அஹ்மது கண்ட கனவு என்ற துண்டறிக்கையை அறியாதவர் நம்மில் குறைவு. இத்தனை பேருக்குப் பிரதி எடுத்து அனுப்பினால் செல்வம் வரும், அனுப்பாவிட்டால் மகன் இறப்பான் என்று மிரட்டும். அன்று அஞ்சலட்டையில் வந்தது. பிறகு நகலெடுத்த தாளில் வந்தது. இன்று கைப்பேசியில் வருகிறது. இது பொய்ப் புனைவு என்று அரபு நாட்டு ஆலிம்கள் பலமுறை மறுத்து எழுதிவிட்டார்கள். சவூதி அரேபியாவின் ஷெய்கு அப்துல் அஸீஸ் பின் பாஸ் (ரஹ்) அவர்கள் (மறைவு 1999) இதற்கென்றே தனி மறுப்பு வெளியிட்டார்கள். காணாத கனவைக் கண்டதாகச் சொல்பவன், மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணிகளை முடிச்சுப் போடும்படி பணிக்கப்படுவான், அவனால் அது முடியாது என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. அதை அனுப்பிவைக்கும் விரல்களும் அந்த எச்சரிக்கையை நினைக்கட்டும்.

திருமணமும் இஸ்திகாராவும்

பெண்ணுக்கோ பையனுக்கோ இடம் வந்தால், "இஸ்திகாரா பார்த்துச் சொல்லுங்கள்" என்று யாரிடமோ ஒப்படைப்பது நம்மிடையே பரவியிருக்கிறது. வெள்ளையும் பச்சையும் கண்டால் நல்லது, கறுப்பும் சிவப்பும் கண்டால் ஆகாது என்று தீர்ப்பு வருகிறது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இஸ்திகாரா ஹதீஸில் கனவைப் பற்றிய பேச்சே கிடையாது. நிறத்தைப் பற்றியும் கிடையாது. தேவையுடையவர் தாமே இரண்டு ரக்அத் தொழ வேண்டும். இந்தக் காரியம் என் தீனுக்கும் வாழ்வுக்கும் நல்லதாயின் இதை எனக்கு எளிதாக்கு, கெட்டதாயின் என்னை விட்டுத் திருப்பிவிடு என்ற கருத்தில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காரியத்தில் இறங்க வேண்டும். எளிதாவதும் தடைபடுவதும் அவன் கையில்.

பாத்திமா பின்து கைஸ் (ரலி) என்ற பெண்மணி, தம்மை மணக்க முஆவியாவும் அபூ ஜஹ்மும் கேட்டிருப்பதாகப் பெருமானாரிடம் வந்து சொன்னார்கள். ஒருவர் பொருளில்லாத ஏழை, மற்றவர் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்று தெரிந்ததைத் தெரிந்தபடி கூறி, உஸாமாவை மணக்கும்படி யோசனை சொன்னார்கள். வஹீ வரும் நபியே மாப்பிள்ளையின் வரும்படியையும் குணத்தையும் பார்க்கிறார்கள். நாம் அதை விசாரிக்காமல் யாரோ ஒருவருடைய உறக்கத்தில் தேடுகிறோம்!

இப்னு ஸீரீன் பெயரில் ஒரு புத்தகம்

கடைகளில் இப்னு ஸீரீன் கனவுப் பலன் என்று நூல்கள் விற்கின்றன. பஸராவில் வாழ்ந்த இமாம் முஹம்மது இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 110) துணி வணிகர், பேணுதல் மிக்கவர். அவர்கள் பெயரில் உலவும் நூல் பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்டது என்பதே ஆய்வாளர் முடிவு. தாம் பாங்கு சொல்வதாகக் கனவு கண்ட இருவர் அவர்களிடம் வந்ததாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. ஒருவரிடம் ஹஜ்ஜுக்குச் செல்வீர் என்றார்களாம். மற்றவரிடம் திருட்டுக்காகப் பிடிபடுவீர் என்றார்களாம். கனவு ஒன்றே, கண்ட ஆள் வேறு. அப்படியிருக்க, அகராதிபோல் பல்லுக்கு ஒரு பொருள், பாம்புக்கு ஒரு பொருள் என்று அச்சடித்த தாள் நம் வீட்டுச் செய்தியை எப்படி அறியும்? விழிப்பில் அல்லாஹ்வை அஞ்சி நடப்பவனுக்கு உறக்கத்தில் கண்டது தீங்கு செய்யாது என்ற கருத்தும் அந்த இமாமைச் சார்ந்ததாகவே சொல்லப்படுகிறது.

ஒருமுறை நெய்யும் தேனும் சொட்டும் மேகத்தைக் கண்ட ஒருவரின் கனவுக்குப் பொருள் கூற, ஸித்தீக் அபூபக்கர் (ரலி) அவர்கள் அண்ணலாரிடம் அனுமதி பெற்றுக் கூறினார்கள். சில சரி, சில தவறு என்றார்கள் பெருமானார். எது தவறு என்று கேட்டும் சொல்லவில்லை. ஸித்தீக்கே ஒரு பகுதியில் தவறலாம் என்றால், கட்டணம் வாங்கிக்கொண்டு கண் மூடித் திறப்பதற்குள் பலன் சொல்பவர் எம்மாத்திரம்?

கனவின் பொருள் நம் பகலில்

அப்படியானால் கனவை என்னதான் செய்வது? இளைஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் பாடம் படிப்போம். பள்ளிவாசலில் உறங்கிய அவர்களைக் கனவில் இரு மலக்குகள் நரகத்தின் பக்கம் கொண்டு சென்றார்கள். அது கிணறுபோல் சுவர் கட்டியிருந்தது. தமக்குத் தெரிந்த சிலரையும் அங்கே கண்டார்கள். வேறொரு மலக்கு வந்து அஞ்சாதீர் என்றார். இக்கனவைத் தம் சகோதரி ஹப்ஸா (ரலி) அவர்களிடம் சொல்ல, அவர்கள் பெருமானாரிடம் சொன்னார்கள். அப்துல்லாஹ் நல்ல மனிதர், இரவில் எழுந்து தொழுபவராக இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்ற கருத்தில் விடை வந்தது. அதன் பிறகு அவர்கள் இரவில் சிறிதளவே உறங்குவார்கள் என்று மகன் ஸாலிம் (ரஹ்) அறிவிக்கிறார்.

நரகத்தில் தெரிந்த முகங்களைக் கண்டும் அவர்கள் எவரையும் குறை கூறப் புறப்படவில்லை. அந்தப் பெயர்கள் நம் வரை வந்து சேரவுமில்லை. வந்து சேர்ந்தது அவர்களுடைய தஹஜ்ஜுத் தொழுகைதான். கனவு பிறர் பக்கம் விரல் நீட்டாமல் தம் பக்கம் திரும்பியது. கனவைப் புரிந்துகொள்ளும் முறை இதுவே.

மவுத்தான உம்மாவோ வாப்பாவோ கனவில் வாடிய முகத்தோடு வந்தால் வீட்டில் கலக்கம் உண்டாகிறது. யார் என்ன குறை செய்தார்கள் என்ற விசாரணை வேண்டாம். அவர்களுக்காகத் துஆச் செய்யுங்கள். ஸதகா கொடுங்கள். அவர்கள் விட்டுச் சென்ற கடன் இருந்தால் அடையுங்கள். சகோதரிகளுக்குச் சேர வேண்டிய வாரிசுப் பங்கு கொடுபடாமல் கிடந்தால் கொடுத்துவிடுங்கள். இவையெல்லாம் கனவு வராவிட்டாலும் நம்மீது இருந்த கடமைகளே.

வீட்டில் ஒரு பெண் கிணற்றில் விழுவதாகவே திரும்பத் திரும்பக் கனவு கண்டு அலறி எழுகிறாள் என்று வையுங்கள். பலன் நூலைத் தேடாதீர்கள். "என்னம்மா, மனசிலே என்ன இருக்கு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உள்ளம் தன்னோடு பேசிக்கொள்வது மூன்றாவது வகை என்று பார்த்தோமே; அந்தப் பேச்சைக் கேட்க வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். விபத்துக்கும் பெருந்துயருக்கும் பிறகு இத்தகைய கனவுகள் தொடர்ந்து உறக்கத்தைக் கெடுக்குமானால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்து தேடுவதும் ஸுன்னத்துதான்.

படுக்கைக்குப் போகுமுன் ஒளுச் செய்து, படுக்கையை உதறி, ஆயத்துல் குர்ஸி ஓதி, குல் சூராக்கள் மூன்றையும் ஓதிக் கைகளில் ஊதி உடம்பில் தடவிக்கொண்டு, வலப்பக்கம் சாய்ந்து படுப்பது பெருமானார் காட்டிய முறை. பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குவோம். பேச்சில் மிக உண்மையானவரே கனவிலும் மிக உண்மையானவர் என்று ஹதீஸ் சொல்லுவதால், நல்ல கனவை விரும்புவோர் முதலில் பகலில் நாவைப் பேணிக்கொள்ள வேண்டும். நேற்றுக் கண்ட கனவுக்காக எவரோடேனும் பேச்சை நிறுத்தியிருந்தால் இன்றே போய் ஸலாம் சொல்லி அவர் மனத்தைத் தேற்றுவோம். ஒரு பெண்ணின் கண்ணீருக்கு அது காரணமாகியிருந்தால் நாளை மஹ்ஷரில் அவள் வழக்குரைக்குமுன் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம். அங்கே உறக்கமும் இல்லை, கனவும் இல்லை. கையும் காலும் சாட்சி சொல்லும் நாள் அது.

நம் உறக்கத்தை அமைதியுள்ளதாகவும், நம் விழிப்பை நீதியுள்ளதாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! எவர் மானத்தின்மீதும் நாம் கை வைக்காதவாறு நம்மைக் காப்பானாக! ஆமீன்.